கல்லின் நிறத்தை நம்பாதீர்கள்

பாறைகள் மூன்று வகைப்படும். தீப்பாறை, அடையற் பாறை, உருமாறிய பாறை. கொழும்பில் ஓஎல் எழுதப் போகிற எந்தப் பிள்ளையை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லும். அதே பிள்ளையின் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, "இது இந்த மூன்றில் எது மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பிறகு, "கறுப்பா இருக்கு டீச்சர், அப்போ தீப்பாறை" என்பான். நெருப்பில் கருகினது கறுப்பு என்ற கணக்கு.

சென்ற தவணை இந்தப் பாடத்துக்காக வகுப்புக்குக் கொஞ்சம் கற்கள் கொண்டுபோனேன். கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "டீச்சர், இது எக்ஸேமுக்கு வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரியூசனுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று எனக்கும் தெரியும். அந்த இடத்தில் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரின் வீட்டில் ஏதோ ஒரு கல் மோதிரம் இருக்கும். சிலருடைய குடும்பத் தொழிலே கல்.

என் கருத்து இதுதான். கல்லை அதன் இயல்புகளால் அடையாளம் காணத் தெரியாமல் இருப்பது, இந்த நாட்டில், அதிலும் நம் சமூகத்தில், வெறும் பாட அறிவுக் குறை இல்லை. அது காசு இழப்பு. தலைமுறை தலைமுறையாக இழந்திருக்கிறோம்.

கெவுடாவின் கதை பேருவளை சீனன் கோட்டைப் பக்கம் தொடர்பு உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தினபுரி, எலஹெர பக்கங்களில் மாணிக்கம் அகழும்போது பால் கலந்த மாதிரி மங்கலான வெள்ளைக் கல் ஏராளமாக வரும். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒளியும் தெளிவாக ஊடுருவாது. அதனால் அதற்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து இதை மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். மங்கல் போய், கல் நீல மாணிக்கமாக வெளியே வந்தது.

மந்திரம் ஒன்றும் இல்லை. கெவுடாவும் நீலமும் ஒரே கனியம். பெயர் கொருண்டம். அதே வன்மை, அதே பாரம், அதே படிக வடிவம். கெவுடாவுக்குள் ரூட்டைல் என்ற கனியத்தின் மிக நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. பால் மாதிரித் தெரிவது அதனால்தான். சூட்டில் அந்த ஊசிகள் கரைந்து, அவற்றில் இருந்த தைத்தேனியம் கல்லுக்குள் இருக்கிற இரும்போடு சேர்ந்து நீலம் கொடுக்கிறது. நாம் நிறத்தைப் பார்த்து "ஒன்றுக்கும் உதவாதது" என்று ஒதுக்கினோம். அவர்கள் கல் என்ன கனியம் என்று பார்த்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு நம் வியாபாரிகளும் கற்றுக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கெவுடா பார்க்கத் தெரிந்த ஒரு நாநா, கல்லை டோர்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இது பால், இது பட்டு, இது டீசல் என்று பிரிப்பார். டீசல் என்றால் வெளிச்சம் ஊடுருவும்போது டீசல் எண்ணெய் மாதிரி ஒரு சாயல் தெரிவது. எது சூட்டுக்கு நிறம் மாறும், எது மாறாது என்பதற்கான வகைப்பாடு இது. பௌதிக இயல்பை வைத்து வகைப்படுத்துவது என்று நான் வகுப்பில் சொல்வதை அவர் சந்தையில் நின்று செய்கிறார். அவருடைய மகன் என் வகுப்பில் "தீப்பாறை, அடையற் பாறை" என்று பாடமாக்கிக்கொண்டு இருக்கிறான். இரண்டும் ஒரே விசயம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, கல்லை எப்படித்தான் அடையாளம் காண்பது? முதலில் பாறை வேறு, கனியம் வேறு. கனியம் என்பது ஒரே பொருள்: குவார்ட்ஸ், கொருண்டம், காரீயம் மாதிரி. பாறை என்பது கனியங்கள் சேர்ந்த கூட்டு. பிரியாணிக்கும் அரிசிக்கும் உள்ள வித்தியாசம் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் அதை மட்டும் மறப்பதில்லை.

வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடல் அரிக்காமல் இருக்கப் போட்டிருக்கிற பெரிய பெரிய கருங்கற்களைத் தினமும் பார்க்கிறீர்கள். மாலையில் நடக்கப் போகும்போது ஒரு கல்லுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள் (தண்டவாளத்தில் ஏறாமல், கடற்கரைப் பக்கமாக நின்று). வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும் மாறி மாறி வரும், சில இடத்தில் அலை மாதிரி வளைந்திருக்கும். வெள்ளைப் பட்டையில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும். கறுப்புப் பட்டையில் மைக்கா, ஹோர்ன்பிளெண்ட். இடையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக கார்னட். மோதிரத்தில் வைக்கிற கோமேதகமும் அந்தக் குடும்பம்தான். இந்தப் பட்டை போட்ட பாறைக்கு நைஸ் என்று பெயர். அது உருமாறிய பாறை. பூமிக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், பயங்கரச் சூட்டிலும் அமுக்கத்திலும், உருகாமல் திண்மமாகவே உருமாறியது. பட்டைதான் அதன் அடையாள அட்டை. நிறம் இல்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இந்த வகைப் பழைய உருமாறிய பாறைகள்தான். பெரும்பகுதி இன்றைய வடிவத்துக்கு வந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே இந்த நாட்டில் "கறுப்பா இருக்கு, அப்போ தீப்பாறை" என்று சொன்னால் அநேகமாகப் பிழைதான்.

பட்டையே தெரியாத, கடும் பச்சை கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவின மாதிரி இருக்கிற கருங்கல்லும் உண்டு. அது சார்னோகைட். பெயரின் கதை சுவாரசியமானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படுகிற ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல் இந்த வகை. சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் வெட்டின கல் அது. 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்துப் பாறைக்குப் பெயர் வைத்தார். சென்னைக் கல், கல்கத்தாக் கல்லறை, ஆங்கிலேயப் பெயர், அதே பாறை நம் மலைநாட்டிலும் உண்டு.

கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். நடக்கிற தூரத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று வுல்பென்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. சுவர் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் தடிப்பு. உள்ளே இருப்பது கபுக் கல்லும் முருகைக் கல்லும் சுண்ணாம்பும். மற்றது பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தது.

கபுக் என்பது செம்பூரான் கல். பாறை மழையிலும் வெயிலிலும் உக்கி, கரையக்கூடியது எல்லாம் கழுவுப்பட்டுப் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சின மிச்சம். மண்ணுக்குள் இருக்கும்போது கத்தியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிவிடும். கொழும்பின் பழைய வீடுகளின் மதில்கள் எத்தனை இதனால் கட்டியவை! முருகைக் கல் உயிரினம் கட்டினது, கல்சியம் காபனேற்று. ஒரு துளி அமிலம் பட்டால் நுரைக்கும். கருங்கல்லுக்கு அமிலம் ஒன்றும் செய்யாது. மூன்று கல், மூன்று நடத்தை. (தயவுசெய்து யாரும் தேசிக்காயோடு போய்ப் பழைய சுவரில் சோதிக்க வேண்டாம். வீட்டில் ஒரு சிப்பியை இடித்துத் தூளாக்கி அதில் தேசிப்புளி விட்டுப் பாருங்கள், போதும்.)

இந்த அமிலச் சோதனை சமையலறைக்கும் உதவும். வெள்ளவத்தையில் புதிதாக எழும்புகிற தொடர்மாடிகளில் எல்லா மேசைக் கல்லையும் "கிரனைட்" என்றுதான் சொல்லி விற்கிறார்கள். பளபளப்பாக மினுக்கின எந்தக் கடினக் கல்லுக்கும் வியாபாரத்தில் அதுதான் பெயர். உண்மையான கிரனைட்டில் தேசிப்புளி சிந்தினால் துடைத்துவிடலாம். அது மாபிள் என்றால் அந்த இடம் மங்கிப்போகும், திரும்ப மினுக்கத்தான் வேண்டும். கடைக்காரரிடம் ஒரு சின்ன வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி, ஒரு துளி தேசிப்புளி விட்டு 10 நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு ஓடர் கொடுங்கள். கத்தியாலும் கீறிப் பார்க்கலாம். மாபிளில் கீறு விழும், கிரனைட்டில் விழாது.

கீறிப் பார்ப்பதைத்தான் 1812இல் பிரெட்ரிக் மோஸ் என்பவர் 1 முதல் 10 வரை ஓர் அளவுகோலாக்கினார். ஒன்றை ஒன்று கீறுமா, அவ்வளவுதான் கேள்வி. நகம் 2.5, செப்புக் கம்பி 3, யன்னல் கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7, கொருண்டம் 9, வைரம் 10. காரீயம் 1க்கும் 2க்கும் இடையில். அதனால்தான் பென்சிலில் எழுதும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கிற நம் காரீயம் உலகத் தரம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு துண்டைத் தொட்டிருக்கிறார்கள்?

மினுக்கி முடித்த மாணிக்கத்தை ஒருபோதும் கீறிப் பார்க்காதீர்கள். கல் நல்லதோ கெட்டதோ, கீறின பிறகு நிச்சயம் கெட்டதுதான். அதற்குப் பாரம் பார்க்கும் வழி இருக்கிறது.

இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களில் ஒருவர் அல்-பிரூனி. 973இல் பிறந்தவர். கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கல்லைப் போட்டு, வெளியே வழிகிற தண்ணீரை நிறுத்தார். நீல மாணிக்கத்தை 100 என்று வைத்து மற்றக் கற்களை அதோடு ஒப்பிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முந்தின வேலை. ஐரோப்பாவில் சிவப்பாக இருந்ததெல்லாம் மாணிக்கம் என்று 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் கலந்தே கிடந்தது. 1783இல்தான் ரொமே டி லீல் என்பவர் ஸ்பினலையும் சிவப்பு மாணிக்கத்தையும் தெளிவாகப் பிரித்தார். பிரித்தானிய முடியில் இருக்கிற "பிளாக் பிரின்ஸ் ரூபி" உண்மையில் ரூபியே இல்லை, ஸ்பினல். நம்மவர் ஒருவர் இவ்வளவு செய்தார் என்று மார்க்க மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். சந்தோசம். அவர் செய்த சோதனையை நம் பிள்ளை ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறதா என்பது என் கேள்வி.

வீட்டில் செய்யலாம். 0.01 கிராம் காட்டுகிற சின்ன டிஜிற்றல் தராசு போதும். பதிக்காத வெறும் கல்லை முதலில் நிறுங்கள். பிறகு ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடி, கல் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் தண்ணீருக்குள் அமிழ விடுங்கள். தராசு ஓர் எண் காட்டும். முதல் எண்ணை இந்த எண்ணால் பிரியுங்கள். கிடைப்பதுதான் சாரடர்த்தி. 5.00 கிராம் கல், தண்ணீரில் 1.25 காட்டினால் விடை 4.0. அது கொருண்டத்தின் எண். 2.00 காட்டினால் விடை 2.5. நீலக்கல் என்று வாங்கினது அநேகமாகக் கண்ணாடி. ஸ்பினல் 3.6, குவார்ட்ஸ் 2.65, சிர்கோன் 4.6க்குக் கிட்ட, கியூபிக் சிர்கோனியா 5.7க்குக் கிட்ட.

சிர்கோன் என்றதும் ஞாபகம் வருகிறது. "மாத்தறை வைரம்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நிறமில்லாத சிர்கோன் அது. வைரம் இல்லை. வைரத்தின் சாரடர்த்தி 3.52தான், சிர்கோன் அதைவிட நல்ல பாரம். 10 மடங்கு லூப்பால் மேலிருந்து பார்த்தால் சிர்கோனின் பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் தெரியாது. பாரம்பரியமாக வைரம் என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற எத்தனை வீட்டுக் கல் இப்படி இருக்குமோ.

இப்போது எச்சரிக்கை. கடந்த வருடங்களில் பேஸ்புக் லைவில் கல் விற்பது கூடிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளின் கலியாணத்துக்கு என்று வைத்திருந்த காசில் ஒரு பங்கைப் போட்டு ஒரு "நீலம்" வாங்கியது. மலிவு, திருப்பித் தரலாம், பரக்கத்தான கல் என்று பேச்சு. நிறம் அருமை, நானே பார்த்தேன். தராசில் 2.5. விற்றவருடைய போன் இப்போது வேலை செய்வதில்லை. அந்தத் தாய் படித்தவர். விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறும் எடுத்தவர். அடர்த்தி சமன் திணிவு கீழ் கனவளவு என்று அவருக்கும் தெரியும். அந்தச் சமன்பாடு ஒரு மோதிரக் கல்லுக்கும் பொருந்தும் என்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. இதுதான் என் கோபம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒரு கரட் என்பது 0.2 கிராம். அவ்வளவு சின்ன நீலக்கல் 0.05 கிராம் தண்ணீரைத்தான் விலக்கும், வீட்டுத் தராசு அதில் தடுமாறும். அகீக் மோதிரக் கல்லுக்கும் கண்ணாடிக்கும் சாரடர்த்தி மிகக் கிட்ட. அதில் பாரத்தை மட்டும் நம்ப முடியாது. லூப்பால் பார்த்து உள்ளே உருண்டைக் காற்றுக் குமிழி இருந்தால் கண்ணாடி என்று பிடிக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை, ஆய்வுகூடத்தில் செய்த நீலக்கல். 1902இலிருந்தே செயற்கைக் கொருண்டம் செய்யும் வழி உலகுக்குத் தெரியும். அதன் வன்மையும் பாரமும் இயற்கைக் கல்லினதைப் போலவே. உள்ளே இருக்கிற வளைந்த கோடுகள் போன்றவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சூடு காட்டின கல்லா இல்லையா என்பதும் அப்படித்தான். பெரிய காசு போகிறது என்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கல்லைக் காட்ட மறுக்கிற வியாபாரியிடம் வாங்காதீர்கள். நேர்மையான வியாபாரி அறிக்கை கேட்டால் கோபிக்க மாட்டார்.

பெரிய நிபுணர்களுக்கும் இது இலேசான வேலை இல்லை. கபில நிற ஒலிவின் என்று நூதனசாலைகளிலேயே பெயர் ஒட்டி வைத்திருந்த ஒரு இலங்கைக் கல், அளந்து பார்க்கப் பாரம் கொஞ்சம் கூட இருந்தது. ஒலிவின் 3.34, இது 3.48. அந்தச் சின்ன வித்தியாசத்தைத் துருவிப் போனதில் 1952இல் ஒரு புதுக் கனியம் கிடைத்தது. சின்ஹலைட் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கும் முன்னாலே நம் கொழும்புப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். 1877இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கோயிலைக் கட்டுவித்த இராமநாதனின் மாமன் மகன். கலை வரலாற்று அறிஞர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய முதல் தொழில் கல். இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். பலாங்கொடைப் பக்கத்து மாணிக்க அரிப்பில் மிஞ்சின, அளவுக்கு மீறிப் பாரமான கறுப்புக் கனசதுரப் படிகங்களை 1904இல் கவனித்தவர் அவர். முதலில் யுரேனினைட் என்று கருதப்பட்டது. இரசாயனப் பகுப்பாய்வில் தோரியம்தான் கூடுதல் என்று தெரிந்து, தோரியனைட் என்ற புதுக் கனியமானது. எத்தனை பேர் அந்தக் கறுப்புக் கல்லை அரித்து வீசியிருப்பார்கள்! பாரமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

"எக்ஸேமுக்கு வருமா?" என்ற தாய்க்கு என் பதில்: வரும், ஒரு வரி வரும். அதற்கு மேலே, மகன் ஒருநாள் வீடு கட்டுவான், கல் பதிப்பான், மோதிரம் வாங்குவான், ஒருவேளை வாப்பாவின் கடையில் இருப்பான். அங்கே ரியூசன் நோட்ஸ் வராது.

இந்த விடுமுறைக்கு ஒரு பெட்டி சேர்க்கிறேன். 12 கல், ஒரு லூப், ஒரு தராசு, மினுக்காத ஓட்டுத் துண்டு ஒன்று (கல்லை அதில் உரசினால் தூளின் நிறம் தெரியும். கறுப்பாக மினுங்குகிற ஹேமடைட் அதில் செங்கல் நிறத்தில் கோடு போடும்). விரும்புகிற பாடசாலைக்கு, மத்ரஸாவுக்கு, அறநெறிப் பாடசாலைக்கு இரண்டு வாரத்துக்கு இரவல். நைஸ், குவார்ட்ஸ், கபுக், மைக்கா கிடைத்துவிட்டன. யாழ்ப்பாணம் போகிறவர்கள் சிப்பி அடையாளம் தெரிகிற சுண்ணக்கல் ஒரு துண்டு கொண்டுவந்தால் நல்லது. வீட்டுக் கிணறு வெட்டின மண்மேட்டில் கிடக்கும். கடலில் முருகைக் கல் உடைக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம். மாத்தளை, கண்டிப் பக்கத்து ஆட்கள் சுண்ணாம்புச் சூளைக் கல் தந்தால் இன்னும் சந்தோசம். அது அநேகமாக டொலமைட் கலந்த மாபிள். முழுக் கல்லில் தேசிப்புளி விட்டால் பேசாமல் இருக்கும், தூளாக்கிக் கொஞ்சம் கடுமையான அமிலம் விட்டால் மெதுவாக நுரைக்கும். யாழ்ப்பாணக் கல்லையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். காரீயம் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.